வாத்துக்கு எழுதிய விடுதலை

அம்சம் என்னை எதிர்த்து வழக்காடி ஜெயித்தவர். ஒருவரைப் பற்றி எழுதுவதற்கு அவரிடம் தோற்ற வக்கீலைவிடத் தகுதியான ஆள் கிடையாது. ஜெயித்த வக்கீல் அடுத்த கட்சிக்காரரைப் பார்க்கப் போய்விடுவார். தோற்றவனுக்கு எதிராளி என்ன சேலை கட்டி வந்தார் என்பதுவரை ஞாபகம் இருக்கும். அம்சம் கட்டி வந்தது மயில் கழுத்து நிறத்தில் ஒரு சிங்கப்பூர் சேலை. வாய்தா தேதிக்கென்றே அதை ஒதுக்கி வைத்திருந்தார். மற்ற நாட்களில் அது பெட்டியில் தூங்கும்.

முதல் வாய்தா அன்று முன்சீப் கோர்ட் வராந்தாவில் அவர் என்னிடம் நேரே வந்தார். கையில் தூக்குவாளி. "நீங்கதானே எதிர்க்கட்சி ஐயா? அவல் கிளறிக் கொண்டாந்திருக்கேன், சாப்பிடுங்க. வெறும் வயித்தோட என்னைத் திட்டினா உங்களுக்குத்தான் களைப்பு வரும்" என்றார். எதிர்க்கட்சிக்காரர் கொடுப்பதை வக்கீல் சாப்பிடலாமா என்று சட்டப் புத்தகத்தில் எங்கும் போடவில்லை. சாப்பிட்டேன். அவல் நன்றாகத்தான் இருந்தது. அன்று குறுக்கே பேச எழுந்தபோது எனக்குப் பாதி வாய்தான் வந்தது. அதற்குத்தான் கொடுத்திருக்கிறார் என்று பிறகுதான் உறைத்தது.

மன்னார்குடிக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவே, பஸ் நிற்குமா நிற்காதா என்பது டிரைவரின் மனசைப் பொறுத்த ஒரு ஊர் அவருடையது. தெற்குத் தெருவில் பிறந்து தெற்குத் தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவர். பாவாடை கட்டிய வயதிலிருந்து நடவு, களையெடுப்பு, அறுப்பு. நடவுப் பெண்கள் வரிசையில் பாட்டெடுத்துக் கொடுப்பது அம்சத்தின் வேலை. வரப்பில் குடை பிடித்து நிற்கும் மிராசுதாரரின் தொந்தி, வழுக்கை, கஞ்சத்தனம் மூன்றும் அந்தப் பாட்டில் பெயர் மாறி வரும். அவர் தலையாட்டி ரசிப்பார். வரிசை முழுக்கக் குனிந்துகொண்டு சிரிக்கும். குனிந்து செய்கிற வேலையில் அது ஒரு வசதி.

புருஷன் அரசப்பன் சாது. வாயைத் திறந்தால் கொட்டாவிக்குத்தான். பள்ளிவாசல் தெரு சேக் தாவூது ராவுத்தரின் வயலில் அவர் பண்ணையாள். எண்பதுகளின் கடைசியில் ராவுத்தர் தன் மகன் சித்தீக்கைக் குவைத்துக்கு அனுப்ப விசாவுக்குப் பணம் புரட்டினார். வாய்க்காலுக்குக் கடைசியில் கிடந்த மூன்று மா நிலத்தை, கிட்டத்தட்ட ஒரு ஏக்கரை, விற்பதென்று முடிவு செய்து முதலில் அரசப்பனைத்தான் கேட்டார். "வெளியாளுக்குக் கொடுத்தா அவன் என் வரப்பைத் தின்னுடுவான்பா. நீ எடுத்துக்க" என்றாராம். அம்சம் காதில் கழுத்தில் கிடந்ததை எல்லாம் கழற்றினார். மூத்த மகன் சேரன் அப்போதுதான் சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். அவன் சம்பளமும் சேர்ந்தது. தெற்குத் தெருவில் பட்டா என்ற சொல்லுக்கு உடைமையாளரான முதல் குடும்பம் அதுதான். அரசப்பன் அந்த நிலத்தில் மூன்று போகம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார்.

நிலத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. அதற்குத் தண்ணீர் ராவுத்தர் வயலின் ஊடே போகும் சின்ன வாய்க்காலில்தான் வரவேண்டும். டெல்டாவில் அதைக் கன்னி வாய்க்கால் என்பார்கள். ராவுத்தர் வயலில் மழைக்குத் தேங்கும் தண்ணீர் வடிய வேண்டுமானால் அது அம்சத்தின் நிலத்தின் ஓரமாகப் போகும் வடிகாலில்தான் போகவேண்டும். வருகிற தண்ணீர் அவர் தயவு, போகிற தண்ணீர் இவர் தயவு. இதை யாரும் தயவு என்று நினைத்ததில்லை. பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே தண்ணீர் போகும், அவ்வளவுதான்.

இனி வாத்து.

அம்சம் ஒரு வாத்துக் கூட்டம் வளர்த்தார். அறுத்த வயலில் விட்டால் சிந்திய நெல்லையும் நத்தையையும் தின்று முட்டை போடும், செலவில்லாத வளர்ப்பு. தொண்ணூற்றாறில் ஒருநாள் அந்தக் கூட்டம் வழி தவறி, சித்தீக் விட்டிருந்த நாற்றங்காலுக்குள் போய்விட்டது. சித்தீக் அப்போது குவைத்திலிருந்து நிரந்தரமாகத் திரும்பி விவசாயம் பார்க்க ஆரம்பித்திருந்தார். ஒரு மணி நேரத்தில் நாற்றங்கால் சேறாகிவிட்டது. கோபத்தில் அவர் இரண்டு வாத்துகளைப் பிடித்துக் கட்டிவைத்தார். மறுநாள் கட்டிய இடத்தில் கயிறு மட்டும் இருந்தது. நரி கொண்டுபோய்விட்டது என்றார் சித்தீக். "நரி மசாலா அரைக்குமா தம்பி? நேத்து உங்க வீட்டுப் பக்கமிருந்து வந்த வாசனைக்கு என் நாக்குல தண்ணி ஊறிப் போச்சு" என்றார் அம்சம். இருவரும் போலீஸ் நிலையத்துக்குப் போனார்கள். ஒருவர் நாற்றுக்கு நஷ்டம் கேட்டார், மற்றவர் வாத்துக்கு. இன்ஸ்பெக்டர் தலையில் அடித்துக்கொண்டு, "வெளியே போய்ச் சமாதானமா எழுதிக்கிட்டு வாங்க" என்று விரட்டினார்.

எழுதியவர் இளையபெருமாள். சார்பதிவாளர் அலுவலக வாசலில் வேப்பமரத்தடியில் மேசை போட்டிருந்த பத்திர எழுத்தர். அந்தப் பகுதியில் கை மாறிய நிலம் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் மாறியது. ராவுத்தர் அரசப்பனுக்கு எழுதிக்கொடுத்த கிரயப் பத்திரமும் அவருடையதே. அவருக்கு ஒரு கொள்கை உண்டு: முத்திரைத் தாளில் வெள்ளை இடம் விடக்கூடாது. விட்டால் பின்னால் எவனாவது ஒரு வரி சேர்த்துவிடுவான். வாத்துச் சண்டை ஏழெட்டு வரியில் முடிந்துவிட்டது. தாளில் முக்கால்வாசி வெறுமையாக அவரைப் பார்த்துச் சிரித்தது. இளையபெருமாள் பேனாவை உதறிக்கொண்டு, ஆயுசு முழுக்கக் கிரயப் பத்திரங்களில் எழுதிக் கை பழகியதை அப்படியே எடுத்து ஊற்றினார்:

"மேற்படி வாத்துகள் சம்பந்தமாகவும், மற்றும் நம்மில் ஒருவர்மேல் ஒருவருக்கு நாளது தேதிவரை உள்ளதும் இனிமேல் உண்டாகக்கூடியதுமான நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் முதலான சகலவிதமான பாத்தியதைகளையும் இதன்மூலம் ஒருவருக்கொருவர் விடுதலை செய்துகொண்டோம். சந்திர சூரியர் உள்ளவரை இதில் மாற்றமில்லை."

புதையல், தண்ணீர், மரம், கல். இரண்டு வாத்துக்காகச் சந்திரனையும் சூரியனையும் சாட்சிக்கு இழுத்த பத்திரம் தஞ்சைச் சீமையில் வேறு இருக்காது. அம்சம் தன் பெயரை எழுதினார். சித்தீக் கையெழுத்துப் போட்டார். வளைகுடாவில் இருந்து வந்தவருக்குச் சீல் விழாத தாள் தாளே கிடையாது. அதனால் தன் செலவில் அதைப் பதிவும் செய்தார். பிறகு இருவரும் ஒரே பஸ்ஸில் ஊர் திரும்பினார்கள். அம்சத்துக்கும் சித்தீக்கே டிக்கெட் எடுத்தார்.

அடுத்த இரண்டு வருஷமும் வாய்க்காலில் தண்ணீர் வந்தது, வடிகாலில் போனது. நோன்பு மாதத்தில் சித்தீக்கின் மனைவி கமருன்னிஸா வழக்கம்போலத் தெற்குத் தெருவுக்கு நோன்புக் கஞ்சி அனுப்பினார். பத்திரம் சித்தீக் வீட்டு பீரோவில் கிடந்தது.

அதைக் கிளப்பியது கமருன்னிஸாவின் தம்பி அஸார். துபாயில் கொஞ்சம், சென்னையில் கொஞ்சம் என்று பிழைத்துவிட்டு வந்தவர். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு செல்போன். எங்கள் பக்கம் அப்போது டவர் கிடையாது, ஆனாலும் காதில் வைத்துக்கொள்வார். ஊருக்கு ஊர் வயலை மனைக்கட்டாக மாற்றி விற்கும் பித்து அந்தச் சமயம்தான் டெல்டாவுக்குள் நுழைந்திருந்தது. "மச்சான், நெல்லுல என்ன இருக்கு? ரோட்டோரத்துப் பாதி வயலை மனை போடுவோம். வெளிநாட்டுல இருக்கிற நம்ம ஆளுங்க போட்டோ பார்த்தே வாங்குவாங்க" என்றார். சித்தீக் மகள் பெயரில் 'ஷிஃபா நகர்' என்று போர்டு வந்தது. கலர்க் கொடிகள் வந்தன. லாரி லாரியாகக் கிராவல் வந்தது. நடுவில் ஒரு கன்னி வாய்க்கால் குறுக்கிட்டது. அதைத் தூர்த்துவிடலாமா என்று கேட்கத்தான் இருவரும் என் ஆபீஸுக்கு வந்தார்கள்.

பழைய பத்திரங்களை எல்லாம் கொண்டுவரச் சொன்னேன். வாத்துப் பத்திரத்தில் 'ஜலம்' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. புதையலே கிடைத்த மாதிரி இருந்தது. "அம்சம் தண்ணீர்ப் பாத்தியதையை விட்டுக்கொடுத்துப் பதிவும் பண்ணிட்டாங்க. வாய்க்காலை மூடுங்க" என்றேன். அஸார் கைகுலுக்கினார். சித்தீக் மட்டும், "ஐயா, அது வாத்துக்கு எழுதினதுங்களே" என்று இழுத்தார். "எழுதினது எழுதினதுதான். சகலவிதமான என்று இருக்கிறது பாருங்கள்" என்றேன். சட்டப்படி அது ஒன்றும் மட்டமான வாதம் இல்லை, இன்றைக்கும் சொல்கிறேன். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் பிறகு வந்து 'நான் அதை நினைக்கவில்லை' என்று சொல்ல ஆரம்பித்தால் நாட்டில் எந்தச் சமாதானமும் நிலைக்காது.

ஆனி மாதம் வாய்க்கால் கிராவலுக்கு அடியில் போயிற்று. அம்சத்தின் மூன்று மா நிலம் வெடித்துக் கிடந்தது. சம்பாவுக்கு நாற்று விடும் பருவத்தில் அவர் அந்த வெடிப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்ததைக் கமருன்னிஸா பார்த்திருக்கிறார். அன்று அந்த வீட்டில் சித்தீக்குக்குச் சோறு தாமதமாகத்தான் கிடைத்தது. தண்ணீர் வராத வாய்க்கால்கடை நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைசியில் அஸாருக்கே கேட்ட விலைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அஸாரின் கணக்கும் அதுதான் என்பது ஊருக்கே தெரியும்.

அம்சம் ஒப்பாரி வைக்கவில்லை. தெற்குத் தெருவில் முதன்முதலாக வக்கீல் படித்த சுடர்விழி அவருக்கு நாத்தனார் மகள். பத்திரத்தின் நகலை அவளிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொன்னார். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம்.

"இதுல நான் மட்டும்தான் விட்டுக்கொடுத்தேனா, அவரும் விட்டுக்கொடுத்தாரா?"

"ஒருவருக்கொருவர்னு போட்டிருக்கு அத்தை. ரெண்டு பேரும்தான்."

"அப்ப சரி" என்று எழுந்து போனவர், மண்வெட்டியை எடுத்துத் தன் நிலத்தோரம் ஓடிய வடிகாலை அடைத்து, மேலே வரப்பு போட்டு, அந்த வரப்பில் வெண்டை விதை ஊன்றினார்.

அது மட்டும் இல்லை. எல்லையில் நின்ற சித்தீக்கின் தென்னைகளில் இரண்டு அம்சத்தின் பக்கம் சாய்ந்திருந்தன. ஆள் வைத்துக் காய் பறித்தார். நான் நோட்டீஸ் அனுப்பினேன். சுடர்விழியிடமிருந்து பதில் நோட்டீஸ் வந்தது: 'தங்கள் கட்சிக்காரர் ஜலத்தோடு தருவையும் விடுதலை செய்திருப்பதைத் தாங்கள் கவனிக்கத் தவறிவிட்டீர்கள் போலும்.' கூடவே ஒரு கோணிப்பையில் தேங்காய் வந்தது. 'வக்கீல் ஐயா வீட்டுக்கு' என்று அம்சம் சொல்லி அனுப்பியிருந்தார். என் வீட்டில் அதை அரைத்துச் சட்னி வைத்துவிட்டார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான் என்று அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

புரட்டாசியில் முதல் மழை கொட்டியது. ஷிஃபா நகருக்கு மனை பார்க்க இரண்டு கார் நிறையச் சிங்கப்பூர்க்காரர்கள் வந்த தினத்தில் நகர் முழங்கால் தண்ணீரில் நின்றது. அம்சத்தின் வாத்துக் கூட்டம் மனைக்கற்களுக்கு நடுவே நீந்திக்கொண்டிருந்தது. அஸார் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, "இது சும்மா மழைத் தண்ணிங்க, வடிஞ்சிடும்" என்றார். வரப்பில் உட்கார்ந்திருந்த அம்சம் குரல் கொடுத்தார்: "எங்கிட்டுத் தம்பி வடியும்? கார்னர் மனையில நல்ல முட்டை இடுது, வந்தவங்களுக்கு அதைக் காட்டுங்க!" கார்கள் திரும்பிப் போய்விட்டன. அஸார் அன்று செல்போனில் யாரையோ திட்டினார். டவர் இல்லாததால் திட்டு எங்களுக்கு மட்டும்தான் கேட்டது.

ஆனால் கார்த்திகை அடைமழை மனையை மட்டும் பார்க்கவில்லை. மனை போடாத மீதிப் பாதியில் சித்தீக் சம்பா நட்டிருந்தார். வடிய வழியில்லாமல் தோகை மூழ்கியது. இன்னும் இரண்டு நாள் நின்றால் பயிர் அழுகிவிடும். மூன்றாம் நாள் விடியற்காலை கமருன்னிஸா வாசலுக்கு வந்தபோது, தூரத்தில் அம்சம் கோணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு தன் வரப்பைத் தானே வெட்டிக்கொண்டிருந்தார். வெண்டைச் செடிகள் வடிகாலோடு போயின. தண்ணீர் இறங்கியது, பயிர் தலை தூக்கியது. அம்சத்தின் நிலம் மட்டும் தரிசாகக் கிடந்தது. மழைத் தண்ணீர் வந்து என்ன, நாற்று விடும் பருவம் தாண்டிவிட்டது. அந்த வருஷம் அவர் பழையபடி கூலிக்கு நடவு போனார்.

வழக்கு இதற்குள் முன்சீப் கோர்ட்டில் இருந்தது. தண்ணீர்ப் பாத்தியதை தன்னுடையது, வாய்க்காலைத் திறந்துவிட வேண்டும் என்பது அம்சத்தின் வழக்கு. பத்திரத்தில் விட்டுக்கொடுத்தாயிற்று என்பது எங்கள் எதிர்வழக்குரை. அம்சம் தன் வரப்பைத் தானே வெட்டிய கதை என் காதுக்கு எட்டியதும் எனக்குக் குஷி. அம்சம் கூண்டில் ஏறியபோது மடக்கினேன்.

"இந்தப் பத்திரப்படி சித்தீக் வடிகால் பாத்தியதையை விட்டுவிட்டார் என்று சொல்லித்தானே வடிகாலை அடைத்தீர்கள்? பிறகு ஏன் நீங்களே திறந்துவிட்டீர்கள்?"

பயிர் மேல் இரக்கம் என்று சொல்வார், இரக்கத்துக்கும் பாத்தியதைக்கும் சம்பந்தமில்லை, சித்தீக் தண்ணீர் விட்டதும் அந்த மாதிரி இரக்கம்தான் என்று போட்டுத் தாக்கலாம் என்பது என் திட்டம்.

அம்சம் கோர்ட்டை ஒரு சுற்றுப் பார்த்தார். "இரக்கமெல்லாம் இல்லீங்க. தண்ணி ரொம்ப ஆழமாப் போச்சு. என் வாத்துக்கு நீச்சல் அவ்வளவாப் பத்தாது."

நீதிபதி கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டார். பெஞ்சு குமாஸ்தா மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்துவிட்டார். தன் நல்ல மனசை ஒளித்துவைக்க இப்படிப் பொய் சொல்லும் சாட்சியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

அடுத்து சுடர்விழி இளையபெருமாளைக் கூப்பிட்டாள். பத்திரத்தைக் காட்டி, "இந்த ஜலம், தரு, பாஷாணம் எல்லாம் யார் சொல்லி எழுதினீங்க?" என்று கேட்டாள். எழுதியவர் மனதில் என்ன இருந்தது என்பது சாட்சியம் ஆகாது என்று நான் துள்ளி எழுந்தேன். "மனசில் இருந்ததைக் கேட்கவில்லை. பேச்சு எதைப் பற்றி நடந்தது என்று கேட்கிறார். உட்காருங்கள்" என்றார் நீதிபதி.

இளையபெருமாள் பெருமையாகவே சொன்னார். "யாரும் சொல்லலீங்கய்யா. வாத்தைத் தவிர யாரும் எதுவும் பேசலை. தாள்ல இடம் மிச்சம் இருந்திச்சு."

"இடம் இருந்தால் என்ன வேண்டுமானாலும் எழுதுவீரா?" என்று கேட்டார் நீதிபதி.

"வெள்ளையா விட்டா ஆபத்துங்கய்யா. வேற எவனாவது கண்டதையும் எழுதிடுவான்."

கடைசியில் என் கட்சிக்காரர் சித்தீக். நன்றாகச் சொல்லிக்கொடுத்துத்தான் ஏற்றினேன். கேட்டதற்கு மட்டும் ஆமாம், இல்லை; சந்தேகமாக இருந்தால் ஞாபகம் இல்லை. சுடர்விழி அவரிடம் குரலை உயர்த்தவே இல்லை. சின்ன வயதில் நோன்புக் கஞ்சிக்குப் பாத்திரம் நீட்டிய வீட்டுக்காரர் அல்லவா.

"மாமா, இந்தப் பத்திரம் எழுதின பிறகு, அடுத்த சாகுபடிக்கு எங்க அத்தை நிலத்துக்குத் தண்ணி விட்டீங்களா?"

"விட்டேன்."

"அதுக்கடுத்த வருஷமும்?"

"விட்டேன். அந்த வருஷம் வாய்க்கால் தூர் எடுத்தப்ப அக்காவும் ஆள் போட்டாங்க, நானும் போட்டேன்."

"தண்ணிப் பாத்தியதையை அவங்க விட்டுக்கொடுத்துட்டாங்கன்னு உங்ககிட்ட பத்திரம் இருக்கு. பிறகு ஏன் விட்டீங்க?"

ஞாபகம் இல்லை என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் கண்ணால் சைகை காட்டினேன். சித்தீக் என்னைப் பார்த்தார், எதிரே பெஞ்சில் மயில் கழுத்துச் சேலையைப் பார்த்தார்.

"விடாம எப்படிம்மா? பயிர் காஞ்சிடும்ல" என்றார்.

என் வழக்கு அங்கேயே முடிந்தது. இருந்தாலும் வாங்கிய பீஸுக்கு வாதாட வேண்டுமே. சகலவிதமான என்றால் எல்லாம்தான், எழுத்துத் தெளிவாக இருக்கும்போது வெளியே போய்த் தேடக்கூடாது என்று ஒரு மணி நேரம் பேசினேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். "எல்லாம்தான், ஒப்புக்கொள்கிறேன். எதிலே எல்லாம் என்பதுதான் கேள்வி. பாஷாணமும் எழுதியிருக்கிறதே, அந்த வாத்து கல்லையும் விழுங்கிவிட்டதா?" என்று கேட்டார்.

தீர்ப்பில் அவர் எழுதியது இதுதான். விடுதலைப் பத்திரத்தின் சொற்கள் எவ்வளவு அகலமாக இருந்தாலும், எந்தச் சண்டையைத் தீர்க்க இருவரும் வந்து உட்கார்ந்தார்களோ அந்தச் சண்டைக்குள் வைத்துத்தான் அவற்றைப் படிக்கவேண்டும். அன்றைக்கு யார் மனதிலும் இல்லாத ஒரு பாத்தியதையை, பொதுவாக எழுதிய ஒரு வரி விழுங்கிவிட முடியாது. நிஜமாகவே ஒரு பெரிய உரிமையை விட்டுக்கொடுக்கிறவர்கள் அதைப் பெயர் சொல்லி, பேசி, தெரிந்து விட்டுக்கொடுப்பார்கள். இங்கே பத்திரம் எழுதிய பிறகும் ஒருவர் தண்ணீர் விட்டிருக்கிறார், மற்றவர் வடியவிட்டிருக்கிறார். கையெழுத்துப் போட்ட இருவருமே அந்தப் பத்திரத்துக்கு இவ்வளவு அர்த்தம் இருப்பதாக நினைக்காதபோது, மூன்றாவது ஆளான நீதிமன்றம் ஏன் நினைக்க வேண்டும்? வாத்து விவகாரம் தீர்ந்தது. தண்ணீர் விவகாரம் அந்தப் பத்திரத்தில் எழவே இல்லை. வாய்க்கால் பழையபடி திறக்கப்பட வேண்டும். வடிகாலையும் அம்சம் இனி அடைக்கக்கூடாது. தென்னை சித்தீக்கினுடையது.

"தேங்காயுமா?" என்று அம்சம் சுடர்விழியிடம் கேட்டது எனக்கும் கேட்டது.

அஸார் அப்பீல் போகவேண்டும் என்று குதித்தார். நானும் அப்பீலுக்கு நியாயம் இருக்கிறது என்றுதான் சொன்னேன். தொழில் அப்படி. சித்தீக் ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "வேணாம் ஐயா. ஒரு வருஷம் அந்த நிலம் காஞ்சு கிடந்ததைத் தினம் பார்த்துக்கிட்டே பள்ளிக்குப் போனேன். தொழுகையில மனசு நிக்கலை." அஸார் ஷிஃபா நகர் போர்டைக் கழற்றிக்கொண்டு நாகூர்ப் பக்கம் வேறு வயல் பார்க்கப் போனார்.

தீர்ப்பு நகல் வருவதற்கு முன்பே சித்தீக் ஆள் வைத்து வாய்க்காலைத் தோண்ட ஆரம்பித்துவிட்டார். ஆற்றில் தண்ணீர் வந்ததும் மடை திறப்பது என்று ஏற்பாடு. என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். தோற்ற வக்கீலைக் கூப்பிடும் ஊர் அது ஒன்றுதான் இருக்கும், போனேன். காலை ஆறரைக்கே சித்தீக், கமருன்னிஸா, சுடர்விழி, தூர் எடுத்த ஆட்கள் எல்லோரும் வரப்பில் நின்றோம். தண்ணீரும் வந்து மடைக்கு முன்னால் தேங்கி நின்றது. அம்சத்தைக் காணோம். அவர் வராமல் மடையைத் திறக்கச் சித்தீக்குக்குக் கை வரவில்லை.

வெயில் சுள்ளென்று ஏறிய பிறகு, வெற்றிலை மென்றுகொண்டு, அவசரமே இல்லாமல் வரப்பில் வந்தார் அம்சம். அன்று சிங்கப்பூர் சேலை இல்லை, கைலிமேல் ஒரு பழைய சட்டை, நடவுக்குப் போகிற உடை. தன் கையாலேயே மடையை வெட்டினார். தண்ணீர் கிராவல் துணுக்குகளைத் தள்ளிக்கொண்டு, மண் நிறத்தில் நுரைத்து, வெடிப்புக்குள் வெடிப்பாக இறங்கியது. இறங்கிய இடத்தில் மண் உஸ்ஸென்றது.

நான்தான் அவரைச் சீண்டினேன். "என்னம்மா இது, எங்களையெல்லாம் விடியக்காலையிலிருந்து காக்க வைத்துவிட்டீர்கள்? இவ்வளவு பாடுபட்டு வாங்கிய தண்ணீருக்கு இத்தனை தாமதமாகவா வருவது?"

அம்சம் காலைச் சேற்றில் நன்றாக ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

"கூலிக்காரி அஞ்சு வயசுலேருந்து நேரத்துக்கு வந்தவதாங்க ஐயா. இந்த ஊர்ல நான் கால் வைக்காத வயல் கிடையாது. எந்த வயலா இருந்தாலும் பொழுது விடியறதுக்குள்ள வந்து நிக்கணும். ஒரு எட்டுத் தாமதமானாலும் வரப்புல நிக்கிறவங்க கேப்பாங்க. நான் லேட்டா வந்தா யாரும் ஏன்னு கேக்க முடியாத வயலு இது ஒண்ணுதான். அதுக்குத்தாங்க கேஸ் போட்டேன்."